ஆய்வேடு எழுதும் மருத்துவருக்கு மூன்று மாதம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பட்ட மேற்படிப்பு இடங்கள் கூடுவது பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது படித்து வருகிறேன். இடங்கள் கூடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த இடங்களில் சேரும் இளம் மருத்துவர்கள் மூன்றாண்டு முடிவில் எப்படிப்பட்டவர்களாக வெளியே வருகிறார்கள் என்பதில் ஒரு பகுதி மட்டும் பேசப்படாமலே இருக்கிறது. நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் வல்லுநர்களை நம் கல்லூரிகள் நன்றாகவே உருவாக்குகின்றன. அந்த நோயைப் பற்றி இதுவரை யாரும் அறியாத ஒன்றைக் கண்டு சொல்லக்கூடிய மருத்துவர்களை உருவாக்குவதில்தான் பின்தங்கியிருக்கிறோம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்த்து வரும் எம்.டி. மருத்துவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வாசகர்கள் பலருக்குத் தெரிந்திராத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொரு மருத்துவரும் ஓர் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். தலைப்பைத் தேர்ந்து, நெறியாளரின் ஒப்புதலையும் ஆய்வால் நோயாளிகளுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் பெற்று, நோயாளிகளைச் சேர்த்து, முடிவுகளைத் தொகுத்து, இறுதித் தேர்வுக்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்க வேண்டும். ஆய்வேடு ஏற்கப்படாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஆகவே, மருத்துவர்களுக்கு ஆராய்ச்சிப் பயிற்சி தர வேண்டும் என்று சொல்லும்போது, இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரச் சொல்லவில்லை. பயிற்சி விதியில் இருக்கிறது. அதைச் செய்வதற்கான நேரம் எந்தப் பணிப் பட்டியலிலும் இல்லை.

நான் படித்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மார்கழிப் பனி தொடங்கியதும் வட சென்னையின் ஆலைப் பகுதிகளான எண்ணூர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கத்திலிருந்து மூச்சிரைப்போடு பெண்கள் வந்து சேர்வார்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பீடி, சிகரெட்டைத் தொட்டறியாதவர்கள். கேஸ் ஷீட்டில் ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று எழுதிவிட்டு, அதற்கு நான்கு வரி கீழே, புகைப்பவர்களுக்கு வரும் நுரையீரல் அடைப்பு நோயின் பெயரையே எழுதுவோம். அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. வீட்டில் விறகு அடுப்பா, மண்ணெண்ணெய் அடுப்பா, சமையலறைக்கு ஜன்னல் உண்டா, வீடு ஆலைகளுக்கு எந்தத் திசையில் இருக்கிறது, சிறு வயதில் காசநோய் வந்ததா, கருவாடு காயவைக்கும் வேலையா, உப்பளத்து வேலையா என்று கேட்டுக் கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினேன். ஒன்பது மாதங்களில் 61 பெண்களின் விவரங்கள் சேர்ந்தன.

அதையே ஆய்வேட்டுத் தலைப்பாகக் கேட்டபோது, என் நெறியாளர் நோட்டை முழுவதும் புரட்டிப் பார்த்தார். “நல்ல கேள்விதான்ப்பா. ஆனால் வீடு வீடாகப் போய் அளக்க உனக்கு ஏது நேரம்? சீக்கிரம் முடிகிற தலைப்பாக எடுத்துக்கொள்” என்றார். அவர் நோயாளிகள் மீது மிகுந்த அக்கறை கொண்ட ஆசிரியர். அவர் சொன்னதும் உண்மை. எங்கள் மருத்துவர் குழுவான யூனிட்டின், புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தால் மறுநாள் பிற்பகல் வரை வெளியே வர முடியாது. மற்ற நாள்களில் புறநோயாளிகள் பிரிவும், டிஸ்சார்ஜ் சம்மரிகளும், ஸ்கேனுக்கு நோயாளியுடன் போவதும் பொழுதைத் தின்றுவிடும். எனவே, சர்க்கரை நோயாளிகள் 100 பேருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, அதைச் சிறுநீரகச் செயல்பாட்டோடு ஒப்பிட்டு ஆய்வேடு எழுதினேன். அதன் விடை தொடங்கும்போதே எனக்குத் தெரியும், பாடநூலிலேயே அச்சாகியிருந்தது. புள்ளியியல் கணக்கை வெளியே ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தந்தார். அந்தக் கணக்கில் ஒரு வரியைக்கூட அன்று என்னால் விளக்கியிருக்க முடியாது. ஆய்வேடு ஏற்கப்பட்டது, பட்டமும் கிடைத்தது. எர்ணாவூர்ப் பெண்களைப் பற்றிய கேள்வி நோட்டிலேயே நின்றுவிட்டது.

இது என் ஒருவனின் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். டெல்லியைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் சமீரன் நந்தியும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2005 முதல் 2014 வரையிலான பத்து ஆண்டுகளில், அவர்கள் எடுத்துக்கொண்ட 579 இந்திய மருத்துவ நிறுவனங்களில் 332 நிறுவனங்களிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வெளிவரவில்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைகளுக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25. நாட்டின் மொத்த ஆய்வு வெளியீட்டில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அந்த 25 இடங்களிலிருந்தே வந்தது. கட்டுரை வராத இடங்களிலும், பட்ட மேற்படிப்பு இருந்த அளவுக்கு, ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அத்தனை உழைப்பும் பைண்டு செய்யப்பட்டு அலமாரிக்குள் போனது என்பதுதான் இதன் பொருள்.

நம் ஊருக்கு இது கைவராத வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை (மருந்துச் சிகிச்சை) மையம் தொடங்கப்பட்டபோது, காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் காற்றும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்பதே உலகெங்கும் நிலவிய கருத்து. சென்னையிலோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவே போதாது. அங்கிருந்த மருத்துவர்கள் இந்தப் பற்றாக்குறையையே ஆராய்ச்சிக் கேள்வியாக மாற்றினார்கள். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, இட நெருக்கடி அதிகம், ஓய்வு என்பதே இல்லை. ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான இந்த முடிவு சானடோரியங்களின் காலத்தையே முடித்து வைத்தது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அந்த மையம் அதே சேத்துப்பட்டில்தான் இருக்கிறது.

வட சென்னையிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறையை அறியாத தொழிலாளர் குடும்பம் இந்தப் பக்கத்தில் அரிது. பிரஸ்ஸிலும் லேத்திலும் விரல் நுனியைப் பறிகொடுத்தவர்களுக்கு, மிச்சத்தையும் வெட்டித் தைத்துவிட்டால் புண் ஆறிவிடும். ஆனால் விரல் குட்டையாகிவிடும், நுனியில் உணர்ச்சியும் இருக்காது, திருகாணியைப் பிடிக்க முடியாத அந்தக் கை வேலைக்கும் உதவாது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஆர். வெங்கடசாமியும் அவருடைய சகா சுப்பிரமணியனும், விரலின் பக்கவாட்டுத் தோலை அதன் நரம்போடும் ரத்தக் குழாயோடும் சேர்த்து முக்கோணமாக எடுத்து முன்னே நகர்த்தி நுனியை மூடும் முறையை வகுத்து, 1980-இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். கை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பிற நாடுகளிலும் வெங்கடசாமியின் பெயராலேயே இந்த முறையைக் குறிப்பிடுகிறார்கள். தாம் தினமும் பார்த்த காயத்தைப் பற்றித் தாமே யோசித்து எழுதியதால் விளைந்தது இது.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு மாலையில், கொருக்குப்பேட்டையிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் குடும்பத்தின் மகள் என் கிளினிக்குக்கு வந்தார். வெளியூர் கல்லூரி ஒன்றில் எம்.டி. இரண்டாம் ஆண்டு, அந்தக் குடும்பத்தின் முதல் மருத்துவர். ஆய்வேட்டுக்கான மாஸ்டர் சார்ட்டை, அதாவது நோயாளிகள் அனைவரின் விவரங்களும் அடங்கிய அட்டவணையை, கைபேசியில் திறந்து காட்டினார். வலது ஓரத்தில், மூன்றாம் மாதப் பரிசோதனைக்கான கட்டத்தில், 17 நோயாளிகளுக்கு எதிரே வெற்றிடம். “சார், இதையெல்லாம் சும்மா நிரப்பிடச் சொல்றாங்க. பார்க்காத பேஷன்ட்டுக்கு நான் எப்படி சார் பி.பி. எழுதுறது?” என்று கேட்டார். நிரப்பாதே அம்மா, ஒவ்வொருவருக்கும் போன் செய்து பார் என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதே வேலையாக இருந்திருக்கிறார். ஒன்பது பேர் திரும்ப வந்தார்கள். சிலருடைய எண்கள் மாறியிருந்தன. ஓர் எண்ணில் மகன் எடுத்து, அப்பா தவறி நாற்பது நாளாகிறது என்றிருக்கிறார். அந்த மரணம் அவருடைய அட்டவணையில் இல்லை. சொன்னபடி நிரப்பியிருந்தால், இறந்துபோன ஒருவர் அந்த ஆய்வில் ரத்த அழுத்தம் சீராகி நலமாக இருந்திருப்பார். அந்த அட்டவணையை நம்பி நாளை வேறொரு மருத்துவர் அதே மருந்தை எழுதியிருப்பார்.

அந்தப் பெண்ணுக்கு நேர்மை வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. ஆனால் முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் வேலை பார்த்தவர்களிடம் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டு வாங்கும் நேர்மையை நம்பி ஒரு நாட்டின் மருத்துவ ஆராய்ச்சியை நடத்த முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களும், ஆய்வேட்டையே எழுதித் தருவதாகச் சொல்பவர்களும் இவர்களைச் சுற்றிப் பெருகியிருப்பதற்கும் இந்த நேர நெருக்கடியே முதல் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பட்ட மேற்படிப்பு மாணவர்கள் அனைவரும் ஆராய்ச்சி முறைகள் பற்றிய இணையவழி அடிப்படைப் பாடத்தை முடிக்க வேண்டும் என்பது இப்போது கட்டாயம். அந்தப் பாடத்தை நடத்துவது நம் அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம்தான். அதன் விரிவுரைகளை நானும் கேட்டேன். நாங்கள் படித்தபோது இப்படி ஒருவர் விளக்கியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் வரும் அளவுக்குத் தெளிவானவை. ஆயினும் கரையில் அமர்ந்து நீச்சல் பாடம் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆய்வேடுகளுக்கு நிதியுதவியும் தருகிறது. அதற்கு விண்ணப்பம் எழுதவும் நேரம் வேண்டும்.

ஆகவே என் முதன்மையான கோரிக்கை இதுதான். மூன்றாண்டுப் படிப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று மாதங்களை, வார்டு, இரவுப் பணி எதுவும் இல்லாமல், ஆய்வுக்கு மட்டும் என்று எழுத்துப்பூர்வமாக ஒதுக்க வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு பட்ட மேற்படிப்பு மாணவரும் மூன்று மாதங்கள் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். மாணவர்கள் போகிறார்கள், கல்லூரி மருத்துவமனைகள் அதனால் மூடப்பட்டுவிடவில்லை. மாவட்டப் பணிக்காக விடுவிக்க முடிந்த ஒருவரை ஆய்வுக்காகவும் விடுவிக்க முடியும்.

கணக்கும் அவ்வளவு பெரிதில்லை. ஒரு யூனிட்டில் ஆண்டுக்கு இருவர் வீதம் ஆறு மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் 36 மாதங்களில் மூன்று மாதம் விலகினால், எந்த நேரத்திலும் அந்த யூனிட்டில் சராசரியாகக் குறைவது அரை ஆள். இரண்டு யூனிட்டுகளுக்கு ஒரு மருத்துவரைக் கூடுதலாக நியமித்தால் குறை நிரம்பிவிடும். அந்த நியமனம் இல்லாமல் மாணவர்களை விடுவித்தால் மட்டும், மீதியிருப்பவர்கள் மேல் சுமை விழும், நோயாளிகளும் பாதிக்கப்படுவார்கள். அதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் விடிவதற்கு முன்பே சீட்டுக்காக வரிசையில் நிற்பவர்களைத் தினமும் பார்ப்பவன் நான்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. ஆராய்ச்சியில் ஈடுபடும் மருத்துவர்கள் அருகிவரும் இனமாகி வருகிறார்கள் என்று அமெரிக்காவில் மருத்துவர் ஜேம்ஸ் வின்கார்டன் எச்சரித்தது 1979-இல். இன்று அங்கே தேசிய சுகாதார நிறுவனங்கள், பயிற்சிக் காலத்திலேயே ரெசிடென்ட் மருத்துவர்கள் ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆய்வில் ஈடுபட நிதி ஒதுக்குகின்றன. பிரிட்டனில் இதற்கெனத் தேர்வு செய்யப்படும் பயிற்சி மருத்துவர்களுக்கு நான்கில் ஒரு பங்கு நேரம் ஆய்வுக்கே உரியது. நம் மருத்துவமனைகளின் கூட்டத்தில் அந்த அளவு நேரத்தை இப்போது கேட்பது நியாயமாகாது. நான் கேட்கும் மூன்று மாதம் முப்பத்தாறில் மூன்று பங்குதான்.

நேரம் கிடைத்தால் மட்டும் போதாது, அருகில் இருந்து கற்றுத் தர ஆளும் வேண்டும். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் மாணவர்கள் கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய முழுநேரப் புள்ளியியல் வல்லுநர் ஒருவர் இருக்க வேண்டும். ஆய்வைத் தொடங்கும் முன்பே, எத்தனை நோயாளிகள் தேவை, எதை அளக்க வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேசும் வழக்கம் வர வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு எண்களை எடுத்துக்கொண்டு ஓடுவதால் பயனில்லை. விருப்பமுள்ள மாணவர்கள் அந்த மூன்று மாதங்களைச் சேத்துப்பட்டிலோ அயப்பாக்கத்திலோ கழிக்க ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். வட சென்னையிலிருந்து இரண்டும் ஒரு பேருந்துப் பயண தூரத்தில்தான் இருக்கின்றன.

பட்டம் பெற்ற பின் என்ன என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஆய்வில் ஆர்வம் கொண்ட ஓர் இளம் மருத்துவர் இன்று நம் அரசுப் பணியில் அதைத் தொடர ஏறக்குறைய வழியே இல்லை. பட்ட மேற்படிப்பு முடித்தவர்கள் ஒப்பந்தப்படி அரசுப் பணியில் கழிக்க வேண்டிய காலத்தை, தகுதியுள்ள சிலராவது ஆராய்ச்சி நிறுவனங்களிலோ, ஒன்றிய அரசின் உதவியோடு மருத்துவக் கல்லூரிகளில் அமைக்கப்படும் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகளிலோ கழிக்க அனுமதிக்கலாம். குறிப்பாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில் படிக்க வருபவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தத் தெருவில் எந்தக் காய்ச்சல் எந்த மாதத்தில் வரும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவைக் கேள்வியாக்கி, ஆய்வாக்கி எழுத நாம் கற்றுத் தந்தோமானால், அது வேறெங்கும் கிடைக்காத செல்வம்.

இவை அனைத்திலும் நோயாளியின் இடம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். என் ஆய்வேட்டுக்காக ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கியபோது, மூலக்கொத்தளத்தைச் சேர்ந்த ஒரு முதியவர், “இதனால எனக்கு என்ன பிரயோஜனம் டாக்டர்?” என்று கேட்டார். ரத்தம் கொடுக்க மறுக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் நேர்மையான பதில் இல்லை, ஏனென்றால் அந்த ஆய்வால் யாருக்கும் பயன் இருக்கப்போவதில்லை என்று எனக்கே தெரியும். அந்தக் கேள்விக்கு அவருக்குப் புரியும் தமிழில், மழுப்பாமல் பதில் சொல்லக்கூடிய ஆய்வை மட்டும் எடுத்துக்கொள்ள ஒவ்வொரு மாணவரையும் பழக்க வேண்டும். நெறிமுறைக் குழுக்களும் படிவத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், மாணவர் அதை நோயாளியிடம் எப்படிச் சொல்லப் போகிறார் என்று கேட்க வேண்டும்.

மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் பெயரோடு இப்போது ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. அந்த இயக்குநரகத்துக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக இந்தக் கோரிக்கையை வைக்கிறேன். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்ய முடியாதென்றால், வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், பொது மருத்துவம், நெஞ்சக மருத்துவம் ஆகிய இரண்டு துறைகளில் மட்டும் தொடங்கிப் பார்க்கலாம். அடுத்து வரும் அணியின் மாணவர்கள் சேர்ந்த சில மாதங்களிலேயே தங்கள் ஆய்வு முன்மொழிவுகளை நெறிமுறைக் குழுவின் முன் வைத்தாக வேண்டும். மூன்று மாதம் உண்டு என்பது அதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்தால்தான், எர்ணாவூருக்கு நேரில் போய் அளக்க வேண்டிய தலைப்பை அவர்களில் ஒருவராவது துணிந்து எழுதிக் கொடுப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பொது மருத்துவர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை.